மாப்பிள்ளை காருக்கு ஒரு தண்ணீர் பம்ப்

1

போன வைகாசியோடு நான் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் முடிந்தது. அதற்காக என் மனைவி கேசரி கிளறினாள். மாடியிலிருந்து இறங்கி வந்த மகன் ஜோயல் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "யாருக்கு பர்த்டே?" என்றான். யாருக்கும் இல்லையடா, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாள் என்றேன். "ஓ, நைஸ்" என்று இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். பையனுக்கு இருபது வயது. நான் தமிழில் கேட்பேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். எங்கள் வீட்டில் சண்டைகூட இரண்டு மொழியில்தான் நடக்கும்.

கேசரித் தட்டைக் கீழே வைப்பதற்குள் காஞ்சிபுரத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"டேய் தம்பி, கப்பல குடுத்துடலாம்னு இருக்கறேன்டா."

கப்பல் என்பது எங்கள் கார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய அமெரிக்கக் கார், முப்பத்தெட்டாம் வருஷத்து மாடல், மேலே துணிக்கூரை போட்டது, மடக்கினால் திறந்த கார். அதைச் செய்த கம்பெனியே நான் பிறப்பதற்கு முன்னால் மூடப்பட்டுவிட்டது. எங்கள் தாத்தா காலம்வரைக்கும் எங்கள் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தது. அப்பாதான் முதலில் லாரி ரிப்பேர் கற்றுக்கொண்டு பட்டறை போட்டார். ஒரு பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் கோழிகள் குடியிருந்த அந்தக் காரைப் பழைய இரும்பாக வாங்கி வந்து ஓடவைத்தவரும் அவர்தான். அப்பாவுக்குப் பிறகு அக்கா ஸ்டெல்லா. நான் படிக்கப் போனேன், அவள் காருக்கு அடியில் போனாள்.

முப்பது வருஷமாக ஊரில் பாதி மாப்பிள்ளைகளை அக்காதான் அந்தக் காரில் ஊர்வலம் கொண்டுபோகிறாள். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஸ்டியரிங் பிடித்தால் ஒரு ஆட்டோக்காரன் குறுக்கே வரமாட்டான். எங்கள் சொந்தத்தில் அதில் ஏறாத மாப்பிள்ளை நான் ஒருவன்தான். எனக்கு விசா அவசரம். சென்னையில் ஒரு சர்ச்சில் காலையில் கல்யாணம், ஒரு வாரத்தில் விமானம். "ஊரான் வூட்டுப் புள்ளைங்கள எல்லாம் இட்டுக்கினு போனேன், கூடப் பொறந்தவன இட்டுக்கினு போவல" என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அப்படிப்பட்டவள் காரைக் கொடுக்கிறேன் என்றால் எனக்குக் கேசரி எப்படி இறங்கும்?

2

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, மாலை போட்டு, காரில் உட்காரவைத்து, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துவருவார்கள். முன்னால் நாதஸ்வரம், அதற்கு முன்னால் பேண்டு செட்டு, அதற்கும் முன்னால் ஆடுகிற சிநேகிதர்கள். ஆக, கார் போகிற வேகம் ஆடுகிறவன் போகிற வேகம். அவனோ நாலடி முன்னால் வைத்து மூன்றடி பின்னால் வைக்கிறவன். ஒஹையோவின் நேர்ச்சாலைகளில் ஐம்பது மைல் வேகத்தில் ஓடுவதற்காகச் செய்த எஞ்சினை நாம் இந்தப் பாடு படுத்துகிறோம். காற்றே படாமல் அது சூடாகும். எஞ்சினைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்கிற பம்ப் நின்றால் எல்லாம் நின்றது.

சித்திரையில் ஒரு கல்யாணத்தில் அது நின்றுவிட்டது. பம்பின் இரும்பு உடம்பில் பழைய விரிசல் வாயைத் திறந்து, வெந்நீரும் ஆவியுமாகப் பீய்ச்சியிருக்கிறது. கூட்டத்தில் எவனோ, "மாப்பிள்ள வெந்துட்டாருபா, எறக்கிடலாம்!" என்று கத்தியிருக்கிறான். ஊரே சிரித்திருக்கிறது. நனைந்த கோட்டோடு மாப்பிள்ளை மிச்ச தூரம் நடந்தே மண்டபத்துக்குப் போனாராம்.

"முப்பது வருசத்துல ஒருத்தன நான் நடக்க வெச்சதில்லடா" என்று முனகினாள் அக்கா. அப்பா செத்தபோதுகூட எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"பெங்களூர் ரோட்டுல ஒரு ரிசார்ட்டுக்காரரு கேட்டுக்கினே இருக்கறாரு. வாசல்ல நிக்க வெச்சி உள்ள ரோஜாச் செடி வெப்பாங்களாம்."

"எஞ்சின்?"

"கயட்டி எடைக்குப் போட்டுடுவாங்க. செடிக்கு எதுக்குடா எஞ்சினு?"

ஒரே ஒரு ஊர்வலத்துக்குத்தான் அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பட்டறைக்குப் பக்கத்துத் தெருவில் நெசவு செய்கிற ஏகாம்பரம் அண்ணனின் மகன் கல்யாணம், ஆவணியில். ஏகாம்பரம் அண்ணனின் கல்யாணத்துக்கு அப்பாதான் கார் ஓட்டினார்.

"அந்தக் கல்யாணத்துல மண்டபம் வரைக்கும் ஓடிச்சின்னா கார் நம்மளுது. நடுவுல நின்னுச்சின்னா ரிசார்ட்டுக்கு. முடிவு பண்ணிட்டேன். நீ அந்தக் கார் பொறந்த ஊர்லதானடா குந்திக்கினு இருக்கற? ஒரு பம்பு தேட முடியாதா உன்னால?"

3

கப்பலில் அமெரிக்காவில் செய்த பாகம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் அக்கா மேலே பார்ப்பாள். ஹெட்லைட் லாரியுடையது. கார்புரேட்டர் ஜீப்புடையது. ஃபேன் பெல்ட் மாவு மில்லுடையது. கதவுக் கைப்பிடி எங்கள் வீட்டுப் பழைய பீரோவுடையது. பம்பின் நடுவில் சுற்றுகிற ஷாஃப்ட் ஏனாத்தூரில் ஒரு கிணற்று மோட்டாரிலிருந்து அப்பா எடுத்துக் கடைந்து போட்டது. இந்தக் கிணற்று மோட்டார் கதையை அப்போது நான் மறந்திருந்தேன். அதற்கான தண்டனை பிறகு வருகிறது.

அக்கா வாட்ஸப்பில் அளவு அனுப்பினாள். என்ன அளவு என்கிறீர்கள்? ஒரு சிவப்புப் பட்டு நூல், அதில் இரண்டு முடிச்சு, பக்கத்தில் நீளம் தெரிய ஒரு தீப்பெட்டி. ஷாஃப்டைச் சுற்றி நூலை ஓட்டி முடிச்சுப் போட்டுப் படம் பிடித்திருக்கிறாள். நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளன். முடியிழையில் பாதி கூடினாலும் உதிரிபாகத்தைத் திருப்பி அனுப்புகிறவன். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காருக்கான பழைய கையேட்டை வரவழைத்து, அதிலுள்ள அளவையும் பாக எண்ணையும் குறித்துக்கொண்டு, "நூலெல்லாம் வேண்டாம்க்கா, புத்தகமே இருக்கிறது" என்று பதில் போட்டேன்.

சனிக்கிழமைதோறும் பழைய கார் சாமான் சந்தைக்கு அலைந்தேன். புல்வெளியில் தார்ப்பாயை விரித்துத் துருப்பிடித்த இரும்பைப் பரப்பியிருப்பார்கள். பின்னால் மடக்கு நாற்காலியில் தொப்பி போட்ட கிழவர்கள். நான் எண்ணைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்குவார்கள். நாலாவது சனிக்கிழமை ஒருவர், "வால்ட்டரைப் போய்ப் பார்" என்று வழி சொன்னார்.

வால்ட்டர், மக்காச்சோள வயல்களுக்கு நடுவில் தனியாக இருக்கிற எண்பத்தொரு வயதுக்காரர். அவருடைய ஷெட்டில் நம் கப்பல் நின்றது! அதே வருஷம், அதே திறந்த கார். ஆனால் பீரோ கைப்பிடி இல்லாத கப்பல். ஒரு திருகாணிகூட வெளியாளில்லை. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைப்பாராம். பம்ப் ஒழுகுகிறது என்று இருபது வருஷமாக வெளியே எடுத்ததில்லை. ஷாஃப்ட் ஓரமாக ஒழுகாமல் சுற்றுகிற கயிறு, கடையில் கிடைக்கிற எதைச் சுற்றினாலும் நிற்கவில்லை, பம்பையே மாற்றினாலும் அதே கயிறைத்தானே சுற்றவேண்டும் என்றார்.

எதற்குக் கேட்கிறாய் என்றார். மாப்பிள்ளை அழைப்பை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி, மேளத்தோடு, மெதுவாக மண்டபத்துக்குக் கூட்டிவருவோம் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "ஏன், ஓடிப்போய்விட்டானா?" என்று கேட்டார்.

சிரித்து முடித்தபின் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காத புத்தம்புது பம்ப். முப்பத்தெட்டில் செய்தது!

"என்றைக்காவது தேவைப்படும் என்று நாற்பது வருஷமாக வைத்திருக்கிறேன். எனக்கு இனி எத்தனை என்றைக்காவது இருக்கிறது? எடுத்துப் போ. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதை அறுக்காதே, துளை போடாதே. அப்படியே மாட்டு."

கையில் அடித்து வாக்குக் கொடுத்தேன்.

4

கூரியரில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பொருள் தயாரிக்கப்பட்ட ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இணையப் படிவம். பட்டியல் 1980-இல்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் உலகமே கிடையாது போலும். சரி, 1980 என்று போட்டேன். பத்து நாள் கழித்துப் பெட்டி என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: பழைய இயந்திர பாகமாகத் தெரிவதால் தயாரிப்பாளரிடம் சான்றிதழ் வாங்கி இணைக்கவும். தயாரிப்பாளரை நான் எந்தக் கல்லறையில் போய்த் தேடுவது?

லீவு போட்டேன். பம்பைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். ஜோயலையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "இரும்புக்கு ஒரு டிக்கெட் போதாதா?" என்றான். மற்ற வீட்டு மகன்களும் இப்படித்தான், ஆனாலும் அன்று சுருக்கென்றது.

சென்னை விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்த்த சுங்க அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னா சார் இது?"

"தண்ணி பம்ப்."

"வீட்டுக்கா?"

"காருக்கு சார். மாப்பிள்ளை அழைப்பு கார்."

போர்வையை விலக்கி இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். "எந்த ஊரு?"

"காஞ்சிபுரம்."

"லேடி ஓட்டுவாங்களே, அந்தக் காரா? அட! என் மச்சான் கல்யாணத்துக்கு அதான்பா வந்துச்சி!" என்று போர்வையை அவரே சுற்றிக் கொடுத்தார். "சீக்கிரம் போய் மாட்டுங்க சார், முகூர்த்த நாள் வருது."

5

பட்டறையில் பெட்டியைப் பிரித்ததும் அக்கா பம்பைக் கையில் ஏந்தி, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராசாவாட்டம் இருக்கறான்டா" என்றாள். பிறகு உள்ளே இருந்த ஷாஃப்டை உருவிவிட்டு, எங்கள் கிணற்று மோட்டார் ஷாஃப்டை எடுத்து அதன் துளையில் நுழைத்தாள்.

நுழையவில்லை.

என் அளவுகோலை எடுத்து அளந்தேன். ஷாஃப்ட் துளையைவிட மூன்று மில்லிமீட்டர் பருமன். அக்கா அனுப்பிய நூலின் இரண்டு முடிச்சுக்கும் நடுவே இருந்த நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். துல்லியமாக ஷாஃப்டின் அளவு. நூல் சரியாகச் சொல்லியிருந்தது. ஆய்வாளர் ஐயாதான் புத்தகத்தை நம்பிக் கோட்டை விட்டார்.

"பம்போடு வந்த ஷாஃப்டையே போடலாமே?"

"போட்டா அந்தப் பக்கம் டைனமோ மாட்டாது. டைனமோ லாரியுது. அத்த மாத்தினா பெல்ட்டு நிக்காது. ஒண்ணத் தொட்டா எல்லாத்தியும் தொடணும்டா. கல்யாணத்துக்கு நாலு நாளு இருக்குது." அவள் பம்பை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள். "லேத்துக்கு எடுத்துக்கினு போயி ஓட்டையப் பெருசு பண்ணிடலாம். வா."

அப்போதுதான் வால்ட்டருக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். அறுக்கக்கூடாது, துளைக்கக்கூடாது, கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அக்கா வாசலில் நின்று திரும்பினாள்.

"வாக்கு குடுத்தது யாரு? நீயா, நானா?"

"நான்தான்."

"அப்போ நீ அறுக்காத. நான் அறுக்கறேன்."

சொல்லிவிட்டு நடந்தேவிட்டாள். எண்பது வருஷத்துக்கு மேலாக யார் கையும் படாத இரும்பின்மேல் லேத்து ஊசி இறங்கியபோது நான் வெளியே தெருவில் நின்றேன். சத்தம் மட்டும் கேட்டது. வால்ட்டரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

6

ஷாஃப்ட் நுழைகிற இடத்தில் தண்ணீர் வழியாமல் ஒரு கயிறு சுற்றி, மேலே நட்டு போட்டு இறுக்கவேண்டும். எங்கள் பட்டறையில் அந்தக் கயிறு பட்டு. நெசவாளர் வீட்டில் புடவையைத் தறியிலிருந்து அறுத்தபின் மிஞ்சுகிற நூலை வாங்கி, முறுக்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்துச் சுற்றுவாள் அக்கா. மாப்பிள்ளை அழைப்பன்று காலை எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தோம். நட்டின் அடியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

அக்கா டீ வாங்கப் போயிருந்தாள். என் தொழிலில் ஒழுகுகிற பாகத்துக்கு ஒரே தீர்ப்புதான். ஸ்பேனரை எடுத்து, மூச்சைப் பிடித்து, சொட்டு நிற்கும்வரை இறுக்கினேன். நின்றது. பெருமையாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மயிர் கருகும் நாற்றம் வந்தது. எங்கிருந்து என்று நான் தேடுவதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஏகாம்பரம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாருபா பட்ட எரிக்கறது? எங்க வூட்டுத் தறி வரைக்கும் வாசன வருது!"

நூல் அசல் பட்டா என்று கொளுத்தி மோந்து பார்க்கிற மூக்கு அது. பம்பிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. டீயோடு வந்த அக்கா எஞ்சினை அணைத்தாள். நட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அறிவிருக்குதாடா உனக்கு? ஒரு சொட்டு வுழுந்துக்கினே இருக்கணும்டா! அந்தத் தண்ணிதான் பட்ட எரியாம வெச்சிக்கினு இருக்குது. நீ இன்னாடான்னா கழுத்த நெரிச்சி வெச்சிருக்கற. இதுக்கா பிளேன் ஏறி வந்த?"

"கைல பட்டு இருக்குதா ஸ்டெல்லாமா?" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"எல்லாம் சுத்திட்டேன்ணா. ஒரு இழைகூட இல்ல."

அவர் திரும்பி ஓடினார். வரும்போது கைநிறைய அரக்குச் சிவப்புப் பட்டு. "மருமவளுக்கு முகூர்த்தப் பொடவ நெஞ்ச பாவு நூலு மிச்சம். எடுத்துக்கமா. என் புள்ளைய மட்டும் நடக்க வெச்சிடாத."

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினான். அக்கா முந்தானையைச் செருகினாள். மேளம் கிளம்பியது. நான் ஒரு குடம் தண்ணீரோடு காரின் பக்கத்திலேயே நடந்தேன். ஸ்பேனரை என் கையில் தரமாட்டேன் என்று அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். மேளத்தை விட்டுவிட்டு நான் சொட்டை எண்ணிக்கொண்டு போனேன். சிநேகிதர்கள் ஆடினார்கள், ஆடினார்கள், ஒரே இடத்தில் அரைமணி நேரம் ஆடித் தொலைத்தார்கள். பழைய கல்யாணத்தில் கத்தியவனோ வேறு யாரோ, "இன்னாக்கா, இன்னிக்கி வேவுலியா?" என்றான். "கிட்ட வா, உன்ன வேவ வெக்கறேன்" என்றாள் அக்கா. மண்டபத்து வாசல் வரைக்கும் வண்டி சொட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை இறங்கியதும் ஏகாம்பரம் அண்ணன் மகனை விட்டுவிட்டு பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமென்ன.

மறுநாள் ரிசார்ட்டுக்காரர் போன் செய்தார். "கார் வேலைக்குப் போய்க்கினு இருக்குது சார். செடிக்கு வேற தொட்டி பாருங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

7

ஒஹையோ திரும்பியதும் வந்த சனிக்கிழமை காலை வால்ட்டரிடம் போனேன். ஜோயல் தானாகவே காரில் ஏறிக்கொண்டான். ஊர்வல வீடியோவை அவன் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். "அத்தை சூப்பர் ஸ்லோ" என்பது அவன் விமர்சனம்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். பம்பைத் துளைத்துவிட்டோம் என்றேன். வாக்குக் கொடுத்தது நான், துளைத்தது அக்கா என்றும் சொன்னேன். வால்ட்டர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றி மாட்டினார். வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"இத்தனை பேரா? ஒரு காருக்கா?" என்று கேட்டார். பிறகு தன் காரைத் திரும்பிப் பார்த்து, "இதில் எல்லாம் ஒரிஜினல்" என்று மெதுவாகச் சொன்னார்.

அக்கா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை எடுத்தேன். விளக்கெண்ணெய் வாசனையோடு அரக்குச் சிவப்புப் பட்டு முறுக்கு. அவர் காரின் ஒழுகுகிற பம்பில் நானும் ஜோயலும் அதைச் சுற்றினோம். ஸ்டார்ட் செய்தார். பழைய ஒழுக்கல் நின்று, நட்டின் அடியில் ஒரே ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. வால்ட்டரின் கை ஸ்பேனருக்குப் போனது. நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம். அக்கா திட்டுவாள்."

அரைமணி நேரம் மூன்று பேரும் சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பட்டு எரியவில்லை. வால்ட்டர் ஷெட்டின் கதவை முழுதாகத் திறந்தார். துணிக்கூரையை மடக்கினார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, பின் சீட்டைக் கட்டைவிரலால் காட்டி, என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

"நானா?"

"வீடியோவில் அப்படித்தானே?"

ஏறினேன். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கார் சாலைக்கு வந்தது, ஆள் நடக்கிற வேகத்தில். இரண்டு பக்கமும் மக்காச்சோளம். ஜோயல் போனில் நாதஸ்வரத்தைத் தேடிப்பிடித்துச் சத்தமாக வைத்துவிட்டு, காருக்கு முன்னால் நாலடி வைத்து மூன்றடி பின்னால் வைத்து ஆட ஆரம்பித்தான். ஒரு வீட்டு வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கை அசைத்தாள். நானும் கை அசைத்தேன். இந்த நாட்டில் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது அன்றுதான்.

என் போனில் அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் காட்டினேன். ஜோயல் ஓடிவந்து போனுக்குள் தலையை விட்டு, "அத்தை! அப்பா மாப்பிள்ளை!" என்று தமிழில் கத்தினான். அக்கா காரைப் பார்த்தாள், வால்ட்டரைப் பார்த்தாள், பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பு மட்டும்தான் திரையில் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து கேட்டாள்:

"டேய், மால எங்கடா?"